பலகையும் தாழ்ப்பாளும்



கழிப்பறை பற்றி மேடையேறிப் பேச நம் ஊரில் ஒரு கூச்சம் உண்டு. அங்கே போகிறோம் என்பதைக்கூட நாம் நேராகச் சொல்வதில்லை. கொல்லைக்குப் போவது, ஒதுங்கப் போவது, பாத்ரூம் போவது என்று சொல் மாறி மாறி, இன்று அலுவலகங்களில் ரெஸ்ட்ரூம் என்பதில் வந்து நிற்கிறது. சொல் மாறியதே தவிர கூச்சம் போகவில்லை. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள், காலையில் வேலைக்கு வந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண் கொடுக்கிறார். எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது முறைப்பார்களே என்று வேலை முடியும்வரை அடக்கிக்கொள்ளும் திருநங்கையும் திருநம்பியும் கொடுக்கிறார்கள். எனவே கூச்சத்தைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கேள்வியைப் பார்ப்போம். பணியிடத்தில் ஆண், பெண், திருநர் என்ற பிரிவினை இல்லாமல் எல்லாரும் ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளலாமா? 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். கதவுக்கு வெளியே ஒரு பலகை தொங்குகிறது. கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. மானத்தைக் காப்பது இந்த இரண்டில் எது? தாழ்ப்பாள்தான் என்பது என் வாதம். தாழ்ப்பாளும் முழுச்சுவரும் உள்ள தனி அறை என்றால் எல்லாரும் பகிரலாம். அவை இல்லாத இடத்தில் பலகையை மட்டும் மாற்றி எழுதினால் அது சீர்திருத்தம் ஆகாது.

எல்லாரும் ஒரே கழிப்பறையா, இது மேல்நாட்டுப் பழக்கம் ஆயிற்றே என்று ஒரு குரல் உடனே எழும். எழும்பூரில் இரவு ரயில் ஏறி நெல்லைக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். படுக்கை வசதிப் பெட்டி ஒன்றில் எழுபது எண்பது பேர். இரு முனைகளிலும் இரண்டிரண்டாக நான்கு கழிப்பறைகள். ஆண் என்றோ பெண் என்றோ அந்தக் கதவுகளில் எழுதியிருக்காது. பாட்டி போய் வந்த அறைக்குள் அடுத்த நிமிடம் முன்பின் தெரியாத இளைஞர் போகிறார். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பயணம் செய்கிறோம். பண்பாடு கெட்டுவிட்டது என்று யாரும் சங்கிலியைப் பிடித்து இழுக்கவில்லை. ரயில் கழிப்பறையைப் பற்றிப் புகார் இல்லாமலில்லை. தண்ணீர் வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, இவைதான் புகார்கள். இதில் மூன்றாவது புகாரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தாழ்ப்பாள் உடைந்திருந்தால் ஒரு பெண் என்ன செய்கிறார்? கூட வந்தவரைக் கதவருகே நிற்கச் சொல்கிறார். அந்த இடத்தில் அவருக்கு இல்லாமல் போனது பலகை அல்ல, தாழ்ப்பாள். அதன் வேலையை ஒரு மனிதரைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். வீட்டிலும், சிறிய மருத்துவமனையிலும், நான்கு பேர் வேலை பார்க்கும் தணிக்கையாளர் அலுவலகத்திலும் ஒரே கழிப்பறையைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறோம். பழகிய ஒன்றுக்குப் புதுப்பெயர் வந்ததும் அந்நியமாகத் தெரிகிறது.

சரி, பணியிடங்களில் இந்தப் பிரிவினை எப்படி வந்தது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1887இல் ஒரு சட்டம் இயற்றியது. தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. மற்ற மாநிலங்கள் பலவும் அதைப் பின்பற்றின. வீட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்த காலம் அது. மேற்பார்வையாளரும் ஆண், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரும் ஆண் என்ற சூழலில் ஒரு தனிக் கதவு பெரிய பாதுகாப்பாக இருந்தது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 19ஆம் பிரிவில் ஆண் தொழிலாளருக்கும் பெண் தொழிலாளருக்கும் தனித்தனியே, அடைப்புள்ள கழிப்பிடம் வேண்டும் என்றது. இந்தச் சட்டங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. அவை இல்லாவிட்டால் பல ஆலைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே இருந்திருக்காது. ஆனால் பிற நாடுகளின் சட்டங்கள் சில, விதியைச் சொன்ன கையோடு ஒரு விலக்கையும் சொல்கின்றன. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுப் பணியிட விதிகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கழிப்பறையும் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் தனி அறையாக இருந்தால் பிரிக்க வேண்டியதில்லை என்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியிலும், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் புழங்கி உள்ளே தாழிட்டுக்கொள்ளும் அறைக்கு இதே விலக்கு உண்டு. ஜப்பான் 2021இல் தன் அலுவலகச் சுகாதார விதியைத் திருத்தியபோது, பத்துப் பேருக்கு மிகாமல் வேலை செய்யும் இடத்தில் முழுச்சுவர் கொண்ட தனி அறை ஒன்றை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. மூன்று நாடுகள், மூன்று விதிகள். விலக்கு மட்டும் ஒன்றே. சுவரும் தாழ்ப்பாளும் செய்ய வேண்டிய வேலையை, அவை போதாத இடத்தில் பலகை செய்துகொண்டிருந்தது என்பதை அந்த விலக்குகளே ஒப்புக்கொள்கின்றன.

இனி நம் சட்டங்களைப் பார்ப்போம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, திருநருக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்க வேண்டும் என்று அரசுகளுக்குச் சொன்னது. 2020 செப்டம்பரில் வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம், ஆண், பெண், திருநர் ஊழியர் மூவருக்கும் தனித்தனியே கழிப்பறை வேண்டும் என்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. இது ஒரு குரல். இன்னொரு குரலும் சட்டத்துக்குள்ளேயே ஒலிக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அதே 2020 செப்டம்பரில் வந்த விதிகள், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கின்றன. அந்தக் கொள்கையில் இடம்பெற வேண்டிய கட்டமைப்பு வசதிக்கு அவை தரும் உதாரணமே எல்லாப் பாலினருக்குமான கழிப்பறைதான். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த இடைக்கால உத்தரவும், கல்வி நிலையங்களில் பாலினம் சாராத கழிப்பறை வேண்டும் என்ற வழிகாட்டலைத் தந்தது. ஆக 2020 செப்டம்பர் என்ற ஒரே மாதத்தில் ஒரே அரசு, மூன்றாவது கதவு என்று ஓரிடத்திலும் எல்லாருக்கும் ஒரு கதவு என்று இன்னோரிடத்திலும் சொல்லியிருக்கிறது. நிறுவனங்கள் இந்த இரண்டில் எதையும் செய்யாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

மூன்றாவது கதவின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. நடைமுறையில் அது என்னவாகும் என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'பிறர்' என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். எண்ணிக்கை உண்மையில் கூடுதலாக இருக்கலாம். என்றாலும் முந்நூறு பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் இருந்தால் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனிப் பலகை மாட்டிய அறையை நிர்வாகம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் புழங்காத அறைக்கு முதல் மாதம் பூட்டு வரும். இரண்டாம் மாதம் துடைப்பமும் பினாயில் டப்பாவும் உடைந்த நாற்காலியும் உள்ளே போகும். சாவி கண்காணிப்பாளர் மேசையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க வேண்டும். இதைவிடக் கடுமையான விளைவும் உண்டு. தன்னைத் திருநர் என்று சொல்லிக்கொள்ளாமல் அமைதியாக வேலை பார்க்கும் ஒருவர் அந்தக் கதவைத் திறந்தால், அந்த ஒரு நொடியிலேயே தளம் முழுவதற்கும் தன்னை அறிவித்தவர் ஆகிறார். சாதி பார்த்து வைத்த தனிக் குவளை என்பது வசதி அல்ல, முத்திரை என்பதைத் தமிழ்நாடு தன் தேநீர்க்கடைகளில் பார்த்தே கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தைக் கழிப்பறை வாசலில் மறந்துவிடக் கூடாது. எல்லாரும் நுழையும் கதவுக்குள் அவரும் நுழையும்போது யாரும் எதையும் ஊகிக்க வழியில்லை. எல்லாரும் புழங்கும் அறை என்பதால் குழாய் உடைந்தால் அன்றே புகார் போகும், அன்றே சரியாகும்.

இப்போது மிக வலுவான மறுப்புக்கு வருகிறேன். பெண்கள் போராடிப் பெற்ற இடத்தைச் சமத்துவம் என்ற பெயரில் பறிக்கிறீர்களா என்பது அது. இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கடந்து போகிறவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பறை கேட்டதற்கே ஏளனத்தைச் சந்தித்தார்கள். தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' அமைப்பைக் கட்டி, கழிப்பறைக்கும் பின்னர் உட்காரும் உரிமைக்கும் தெருவில் நின்றார். கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைத் தந்தது. நம் மாநிலம் 2021இல் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. உட்கார ஒரு நாற்காலிக்கே இத்தனை ஆண்டுகள் ஆன நாட்டில், பெண்களின் கழிப்பறையை எடுத்து எல்லாருக்கும் என்று பலகை மாட்டுவது அநியாயம். நான் அதைச் சொல்லவில்லை. டோக்கியோவில் 2023 ஏப்ரலில் திறந்த கபுகிச்சோ கோபுரம் என்ற கேளிக்கை மாடத்தில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. பாலின வேறுபாடற்ற அறைகளையும் பெண்களுக்கான ஓரிரு அறைகளையும் ஒரே கூடத்துக்குள் அடுக்கிவைத்தார்கள். கைகழுவும் இடம் பொது, நுழைவாயில் பொது. பெண்கள் உள்ளே போகவே தயங்கினார்கள், கண்டனம் குவிந்தது, தடுப்பு வைத்தார்கள், காவலர் போட்டார்கள். நான்கே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றியமைத்து ஆண், பெண் என்று பிரித்துவிட்டார்கள். இதைக் காட்டி எல்லாருக்குமான கழிப்பறையே தவறு என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறு பாடம் தெரிகிறது. அங்கே தோற்றது கட்டடத்தின் அமைப்பு. இரவில் குடித்துவிட்டு வருகிறவர்களும் புழங்கும் மாடத்தில், கண்ணுக்கு மறைவான ஒரு கூடத்துக்குள் அறைகளை ஒளித்துவைத்தால் எவருக்கும் அச்சம் வரத்தான் செய்யும்.

ஆகவே பணியிடத்தில் எல்லாருக்குமான அறை எப்படி இருக்க வேண்டும் என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் அலுவலகங்களில் பலகைத் தடுப்பு வைத்து வரிசையாக நான்கு அறைகள் அமைத்திருப்பார்கள். தடுப்பின் அடியில் ஒரு சாண் இடைவெளி. மேலே முழங்கை நுழையும் திறப்பு. பக்கத்து அறையின் செருப்பு தெரியும், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் அதிகம் தெரியும். அத்தகைய இடத்தைப் பாலினம் கடந்து பகிரச் சொன்னால் மறுப்பதே சரி. நான் சொல்லும் அறைக்குச் சுவர் தரையிலிருந்து கூரைவரை செங்கல்லாக இருக்கும். கதவு நேராக நடைபாதையில், நாலு பேர் நடமாடும் வெளிச்சத்தில் திறக்கும். அதற்கு முன்னால் ஒரு மறைவுக்கூடம் இருக்காது. உள்ளே தாழிட்டால் வெளியே சிவப்பு தெரியும், திறந்தால் பச்சை. கைகழுவும் தொட்டியும் உள்ளேயே. பை மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள கூடை, ஓடும் தண்ணீர், எட்டாத உயரத்தில் காற்றுப்போக்கி. இப்படி ஓர் அறையில் ஒரு பெண் இருக்கும்போது அடுத்து வரப்போகிறவர் ஆணா பெண்ணா என்பது அவருடைய பாதுகாப்பைத் தொடும் செய்தியே அல்ல. இன்றைய பெண்கள் கழிப்பறைகள் பலவற்றில் கிடைக்காத மறைவு இங்கே கிடைக்கிறது. ஒளிப்படக்கருவி ஒளித்துவைப்பார்களே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் குற்றம் பெண்கள் கழிப்பறை என்ற பலகையைக் கண்டு திரும்பிப் போனதில்லை. துளையில்லாத சுவரும், முறையான சோதனையும், புகார் வந்தால் மூடிமறைக்காத நிர்வாகமும்தான் அதற்கு மருந்து.

அடுத்த மறுப்பு சுத்தம் பற்றியது. ஆண்கள் அசுத்தம் செய்துவிட்டுப் போவார்கள், பின்னால் போகும் பெண் அவதிப்பட வேண்டும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அசுத்தம் செய்கிறவருக்கென்று ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்து, அங்கே எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம் என்று இத்தனை காலம் விட்டுவைத்ததும் ஒரு காரணம். சக ஊழியர் அடுத்து வருவார் என்று தெரிந்தால் ஒழுங்கு கொஞ்சம் வரும். அதை மட்டும் நம்பிவிட முடியாது. பயன்பாடு கூடினால் சுத்தம் செய்யும் முறையும் கூட வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர் நம் நாட்டில் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார், என்ன கூலி வாங்குகிறார் என்பது இந்த அரங்கில் எல்லாருக்கும் தெரியும். கையுறையும் உரிய கூலியும் நிரந்தர வேலையும் அவருக்குக் கொடுக்காமல், பிறருக்கு மட்டும் சமத்துவக் கழிப்பறை கட்டுகிற நிறுவனம் சமத்துவத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது என்றுதான் சொல்வேன். ஆண்களுக்குச் சிறுநீர்த் தொட்டிகளைத் தனியே வைத்துக்கொள்வதில் தடையில்லை; அதனால் பொது அறைகளின் சுமையும் குறையும்.

திருநங்கையரிடமிருந்தே வரும் மறுப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கேட்பதில்லை. 'நாங்கள் பெண்கள். எங்களைப் பெண்கள் கழிப்பறையிலிருந்து ஒதுக்கி வைக்கத்தானே இந்தப் பொது அறை?' ஜப்பானின் பொருளாதார, வர்த்தக, தொழில்துறை அமைச்சகத்தில் வேலை செய்த ஒரு திருநங்கை ஊழியரை, அவர் பணிபுரியும் தளத்திலும் அதற்கு அருகிலுள்ள தளங்களிலும் உள்ள பெண்கள் கழிப்பறைக்குப் போகக்கூடாது, இரண்டு தளம் தள்ளிப் போக வேண்டும் என்று தடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2023 ஜூலை 11 அன்று அந்தத் தடையை ஏற்ற முடிவு சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. பிரிட்டனில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் உடற்பிறப்பால் பெண்ணாக இருப்பவரையே குறிக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. யார் எந்தக் கதவுக்குள் போகலாம் என்ற இந்த வழக்கு இன்னும் பல நாடுகளில் பல காலம் நடக்கும். அது முடியட்டும் என்று காத்திருக்க மனித உடலால் முடியாது. எனவே இரண்டைச் சேர்த்துச் சொல்கிறேன். பொது அறை இருக்கிறது என்பதைக் காட்டி யாரையும் வேறு கதவிலிருந்து விரட்டக் கூடாது; அது யாருக்கும் கட்டாயமாகக் கூடாது. வழக்கு எப்படி முடிந்தாலும் எவரையும் எவரும் கேள்வி கேட்காத ஓர் அறை கட்டடத்தில் இருந்தே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிக்கென இருக்கும் அறையின் பலகையை மாற்றிக் கணக்கைச் சரிசெய்யும் தந்திரத்தையும் ஏற்கக் கூடாது.

எல்லாருக்குமான அறையின் பயன் திருநரோடு நின்றுவிடுவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஊழியருக்கு உதவியாளராக அவர் மனைவியே வருவார். ஆண், பெண் என்று பிரித்த இடத்தில் இருவரும் எந்தக் கதவுக்குள் போவது? சிறு மகளைக் காப்பகத்தில் விடுவதற்காக அலுவலகத்துக்கு அழைத்து வரும் தந்தைக்கும் இதே திண்டாட்டம். வரிசையின் கணக்கையும் பாருங்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டபோது, நெரிசல் நேரத்தில் வழக்கமான பிரிவினையில் ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் பெண்கள், அறைகளைப் பொதுவாக்கினால் ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுகிறார்கள் என்று கண்டார்கள். காரணம் எளிது. ஆண்கள் பக்கம் அறை காலியாகக் கிடக்க, பெண்கள் பக்கம் வரிசை நீள்வது பிரிவினையின் விளைவு. செலவு ஆகுமே என்பார்கள். இருக்கும் கட்டடத்தை இடிக்க யாரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் புழங்கும் தனி அறைகள் பல அலுவலகங்களில் ஏற்கெனவே உள்ளன. அதிகாரிகளுக்கு மட்டும் என்று பூட்டியும் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 2017 மார்ச் முதல், வணிக நிறுவனங்களிலும் அரசு இடங்களிலும் உள்ள இத்தகைய ஒருவர் அறைகளை எல்லாப் பாலினருக்கும் திறந்துவிடச் சட்டம் போட்டது. அதற்கு ஆன செலவு ஒரு புதிய பலகை.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் ஊதிய உயர்வுக்குக் கீழே இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். பெண்கள் கழிப்பறையைக் குறைக்காமல், தளத்துக்கு ஒன்றாவது முழுச்சுவரோடு கூடிய, எல்லாருக்குமான அறை வேண்டும் என்று எழுதுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களே, சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடும்படி விதி சொல்லி ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன. உங்கள் நிறுவனத்தின் கொள்கை எங்கே இருக்கிறது என்று நாளைக் காலை தேடிப் பாருங்கள். தேடிவிட்டு எழுந்து, உங்கள் தளத்தில் கடைநிலை ஊழியர் பயன்படுத்தும் கழிப்பறைக்குள் ஒருமுறை போய்க் கதவைச் சாத்துங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பலகையில் என்ன எழுதுவது என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள்.